சுட்டியைத் திருப்பிய குரல்

மூன்றாம் வகுப்பு வாங்கிலிருந்து எழும்பி வந்தவன் நான். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது, அதற்குக் கூரை போட்டுக் கொடுத்த அன்றைக்குத்தான். அரிசி ஆலை ஒன்று கட்டினேன், எரித்தார்கள். இரண்டாம் தரம் கட்டினேன், இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் தரம் கட்டியது இன்றைக்கும் ஓடுகிறது, வந்து பாருங்கள். வாகரையில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் கொட்டில் வைத்திருந்தேன். கடல் வந்து தரையோடு வழித்துக்கொண்டு போனது. அதே இடத்தில் சீமெந்துத் தூண் எழுப்பினேன். எங்கள் வயல் வட்டைக்குள் ட்ரக்டர் இறங்கக் கிறவல் ரோட்டுப் போட்டவன் நான். அதில் போய்வருகிறவர்கள் அரசாங்கம் போட்டது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும். மகள்மார் இரண்டு பேரும் பட்டதாரிகள். என் சுற்றுமதிலை எந்த மாரி வெள்ளமும் இன்னும் தாண்டவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பெருமைக்குத்தான். என் வயசுக்காரரே, நம்முடைய பெருமையை நாமே சொல்லாவிட்டால் செத்தவீட்டில் மைக் பிடித்துச் சொல்வார்கள். கேட்பதற்கு நாம் இருக்க மாட்டோம்.

ஒரு வங்கிக்காரத் தம்பி ஆலையைப் பார்க்க வந்தார். நெல்லை ஒரு கை அள்ளி, "இதில ஈரம் கூட, வேண்டாம்" என்று ஒரு லொறியைத் திருப்பி அனுப்பினதைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு நல்ல இன்ஸ்டிங்ட்" என்றார். பின்னேரம் மருமகனிடம் அது என்ன சாமான் என்று கேட்டேன்.

"படிக்காம, யோசிக்காம, தன்பாட்டில வாற அறிவு மாமா. சிலந்திக்கு வலை கட்ட ஆரு சொல்லிக் குடுத்த?"

"அப்ப என்னைச் சிலந்தி எண்டிட்டுப் போறாரா?"

"பாராட்டித்தான் சொல்லியிருக்கார் மாமா."

எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. கையில் அள்ளினதும் ஈரம் தெரிகிறது என்றால், எத்தனை வருஷம் ஈர நெல்லை வாங்கி, பூஞ்சணம் பிடித்து, குப்பையில் கொட்டித் தெரிந்தது அது! தன்பாட்டில் வந்ததாம். ஆனாலும் அந்தச் சொல் எல்லார் வாயிலும் ஓடுகிறது. டிரைவர் பிரேக் பிடித்தால் அது, தாய் பிள்ளையைத் தூக்கினால் அது, வியாபாரி இலாபம் எடுத்தால் அதுவும் அது. ஒருவன் எப்படிச் செய்தான் என்று கேட்கச் சோம்பலாக இருந்தால் இந்தச் சொல்லைப் போட்டு மூடிவிடலாம்.

அதை நான் மறந்திருப்பேன். போன மாதம் எங்கள் பக்கத்துப் பழைய வெள்ளங்களைப் பற்றி ஒரு சிறப்பு மலர் போட்டார்கள். அச்சுக்கூலியில் பாதி என்னுடையது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஆசிரியத் தம்பி 'இயல்புணர்வு' என்று கட்டுரை எழுதியிருந்தார். வங்கிக்காரர் சொன்ன அதே சாமான்தான், தமிழ்ச் சட்டை போட்டு வந்திருந்தது. விரல் வைத்து வாசிக்கிறவன் நான், இரண்டு பின்னேரம் எடுத்தது. எறும்பு, தேனீ, கடலாமை எல்லாம் தாண்டி நாலாம் பக்கத்தில் எங்கள் எருமை நின்றது. சித்தாண்டிக்கு மேற்கே ஒரு பட்டியில், வெள்ளத்துக்குள் வழி தெரியாமல் நின்ற குடும்பத்தை ஒரு எருமை தன் இயல்புணர்வால் மேட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியதாம். என் மாமா சாகும் மட்டும் சொல்லித் திரிந்த கதை. அவருடைய பேரன் சொல்லி, ஆசிரியத் தம்பி எழுதி, இப்போது அச்சிலும் ஏறிவிட்டது.

அந்த எருமைக்குப் பெயர் சுட்டி. நெற்றியில் ஒரு ரூபாக் குற்றி அளவு வெள்ளை. அந்தக் குடும்பத்தில் நானும் ஒருவன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர், வருஷத்தில் இரண்டு தரம் வருவார். அதனால் அம்மா, நான், மடியில் கிடந்த தங்கச்சி மூவரும் அம்மாவின் அண்ணனோடு, என் மாமாவோடு, இருந்தோம். மாமாவிடம் முப்பது எருமை. வட்டையில் விதைப்புத் தொடங்கினால் மாடு பயிரில் வாய் வைக்கும் என்று எல்லாரும் மாட்டை மேற்கே மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். நாங்களும் போவோம். இலுக்குப் புல்லால் வேய்ந்த வாடி, அதற்கு முன்னால் பட்டி. பட்டி என்றால் கம்பு நட்டு முள் அடைத்த பெரிய அடைப்பு. சாணமும் பாலும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு மணம் அங்கே இருக்கும். இன்றைக்கும் மழை பிடித்தால் என் மூக்குக்குள் அது வருகிறது, வீட்டுத் தரையில் மாபிள் போட்ட பிறகும்.

பால் எடுக்க ஏறாவூரிலிருந்து ஒரு தயிர்க்கார நானா சைக்கிளில் வருவார், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பக்கமும் பால் ஊற்ற மண்முட்டிப் பானை கட்டியிருப்பார். மாமாவும் அவரும் மச்சான், மச்சான் என்றுதான் பேச்சு.

கன்றை எங்கள் பக்கம் கண்டு என்போம். கறக்கிற நேரம் கண்டை அவிழ்த்து விட்டு, அது நாலு வாய் குடித்ததும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். மற்ற எருமைகள் பேசாமல் பால் கொடுக்கும். சுட்டி கெட்டிக்காரி, கண்டு மடியை விட்டதும் பாலை மறைத்துக்கொள்வாள். மாமா இழுத்து இழுத்துப் பார்த்து ஏசுவார். ஒருநாள் விளையாட்டாக அவள் முதுகுப் பக்கம் ஒளித்து நின்று கண்டு மாதிரிக் கத்தினேன். மூக்கை அடைத்து, தொண்டையை இறுக்கி, கடைசியில் குரலைக் கொஞ்சம் உடைய விட வேண்டும். பால் முட்டிக்குள் சர்ர் என்று விழுந்தது.

நானா சிரித்த சிரிப்பில் சைக்கிள் சரிந்தது. "மச்சான், உங்கட மருமகன் மனிசனா கண்டா எண்டு விளங்குதில்ல. நல்லாப் பாருங்க, வால் கீல் கிடக்கும்."

"படிப்புத்தான் ஏறல்ல, இதாவது ஏறிச்சே" என்றார் மாமா. அன்றிலிருந்து விடிந்தால் "டேய், கத்துடா" என்பதுதான் எனக்குக் காலை வணக்கம். நான் சும்மா பழகவில்லை. சுட்டியின் கண்டோடு படுத்து, அது பசிக்கு எப்படிக் கத்தும், பயத்துக்கு எப்படிக் கத்தும், தாயைக் காணாவிட்டால் எப்படிக் கத்தும் என்று பிரித்துப் பிரித்துப் படித்தேன். வலது காது கொஞ்சம் மடிந்த கடாக் கண்டு. என் சட்டைப் பொத்தானை நக்கி நக்கியே கழற்றிவிட்டது.

மேய்ச்சல் தரையில் பத்துப் பேருடைய மாடு கலக்கும். ஆருடையது எது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் வருஷக் கண்டுகளுக்குக் குறி சுடுவார்கள். எங்கள் குடும்பத்துக்கு ஒரு குறி, வளைந்த அரிவாளுக்குக் கீழே ஒரு புள்ளி. கம்பியைத் தணலில் வைத்துச் சிவக்கவிட்டுப் பின்தொடையில் வைப்பார்கள். முந்தின வருஷம் ஒரு கண்டின் காதைப் பிடித்துக்கொள் என்று என்னை விட்டிருந்தார்கள். மயிர் பொசுங்குகிற மணத்தோடு அது கத்தின கத்தல் எனக்குத் தெரியும். அந்த ஒரு கத்தலை மட்டும் நான் ஒருநாளும் பழகிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் குறி சுடுகிற நாளுக்கு முந்தின நாள், சுட்டியின் கண்டைக் களவாக அவிழ்த்தேன்.

இடத்தைச் சொன்னால்தான் விளங்கும். பட்டிக்குக் கிழக்கே ஒரு ஓடை. அதற்கு அங்காலதான் ஊருக்குப் போகிற பக்கம். ஓடையைக் கடக்க வடக்கே ஒரு துறை இருந்தது, கோடையில் முழங்கால் தண்ணீர். துறைக்குத் தெற்கே, பட்டிக்கு நேர் கிழக்கே, ஓடை ஆழம். அந்த ஆழத்துக்கு அக்கரையில் ஒரு நாணல் பற்றை. கண்டைத் துறையால் கடத்தி, சுற்றிக் கொண்டுபோய், அந்தப் பற்றைக்குள் கட்டினேன். மாமா எனக்குப் பழக்கின முடிச்சு, மாடு இழுக்க இழுக்க இறுகும். குறி சுட்டு முடிந்ததும் கொண்டுவந்து விடலாம் என்பதுதான் என் திட்டம். ஒரு பேணியில் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்டைக் காணவில்லை என்றதும் மாமா ஓடைக்கரை முழுதும் தேடினார். சுட்டி கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு, "முதலைதான். பாருங்க, கொண்டுபோன இடத்த மணக்குது" என்றார். அவள் மூக்கை நீட்டி மணந்தது அக்கரையை. நான் வாய் திறக்கவில்லை. குறி சுடுகிறவர்கள் வந்து, மற்றக் கண்டுகளுக்குச் சுட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குப் பிடித்தது மழை. அது விட்டால்தானே! ஓடை ஏறியது, துறை மூடியது. பால்பேணியோடு கரையில் நின்று பார்த்துவிட்டு நான் திரும்பி வந்தேன். துறை மூட முதல் பால் எடுக்க வந்திருந்த நானா திரும்பிப் போக முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் விடியும்போது வாடிக்குள் தண்ணீர். அடுப்புக்கல் மிதக்காத குறை. அம்மாவின் சீதனத்து வெற்றிலை வட்டா, பித்தளை, நாலு தலைமுறைச் சாமான், கண்ணுக்கு முன்னால் வாசலால் வழுகிப் போனது. அம்மா அதை எட்டிப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தங்கச்சியைப் பிடித்திருந்தாள்.

விடிந்தும் வெளிச்சம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தண்ணீர், மழை அதை அடித்துப் புகையாக்கியது. எது தரை, எது ஓடை என்று தெரியாது. மேற்கே அரைக் கட்டை, அரை மைல் தூரத்தில் ஒரு திடல், மேட்டு நிலம், இருந்தது, பெரிய மருத மரங்களோடு. ஆனால் மழைக்கு யானையும் அங்கேதான் ஏறும்.

நானா கேட்டார்: "மச்சான், திடலுக்குப் போவமா? ஊருக்கா?"

"நாமென்ன முடிவெடுக்கிற? சுட்டிய அவிழ்த்து விடுவம். வெள்ளத்துல முன்மாட்ட விட்டுட்டு அதுக்குப் பின்னால போற. என்ட அப்பன் செஞ்ச, அவர்ட அப்பன் செஞ்ச. மாட்டுக்குத் தெரியும்."

அதுதான் பட்டிக்காரர் வழக்கம். பட்டியை நடத்திப் போகிற முன்மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு போவது. மாமா அதில் பிழை செய்யவில்லை. தன் முன்மாட்டுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவன் நான் ஒருத்தன்.

கயிற்றை அவிழ்த்ததும் சுட்டி யோசிக்கவே இல்லை. நேர் கிழக்கே நடந்தாள். மற்ற எருமைகள் பின்னால். மாமா அவள் வாலைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் தங்கச்சியைத் தோளில் போட்டு அம்மா, அவள் சேலையைப் பிடித்து நான், கடைசியில் சைக்கிளை மரத்தில் கட்டிவிட்டு வந்த நானா.

"பாத்தீங்களா? ஊருக்குப் போகுது! அதுக்குத் தெரியும்!" மாமா மழைக்குள் கூப்பிட்டார்.

தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. "மாமா, துறை வடக்கால. இவள் நேர போறாள்."

"துறையில இழுவை கூடியிருக்கும். அதாலதான் விலத்திப் போறாள். உனக்குத் தெரியுமா, அவளுக்குத் தெரியுமா?"

சொன்னால் தோல் உரியும். சொல்லாவிட்டால் ஓடை. எருமை நீந்தும், ஆறு மாதப் பிள்ளையோடு அம்மா நீந்துவாளா?

"மாமா, அவள் ஊருக்குப் போகல்ல. கண்டிட்டப் போறாள். கண்டு அங்கால பத்தைக்குள்ள கிடக்கு. நான்தான் கட்டினன்."

மாமா வாலை விடாமல் திரும்பி ஓங்கி ஒன்று விட்டார். காது கூவியது. "முதலை திண்ட கண்டு பத்தைக்குள்ள கிடக்காம்! பயத்துல புளுகிறான்."

"அவன் சின்னப் புள்ள மச்சான், பயந்திட்டான், அடிக்காதீங்க" என்றார் நானா. அவரும் நம்பவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நொடி நம்பிக்கை இருந்தது போல எனக்குத் தோன்றியது. ஆனால் தங்கச்சி வீரிட்டாள், அம்மா குனிந்துவிட்டாள். அவள் சேலை என் கையிலிருந்து நழுவியது. முன்னால் தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது. நிற்கிற வெள்ளத்துக்குச் சத்தம் கிடையாது. அது ஓடையின் சத்தம்.

நான் திரும்பி மேற்கே ஓடினேன். ஓடினேன் என்றால், இடுப்புத் தண்ணீரில் கையால் கிழித்துக்கொண்டு போனேன். நானாவைத் தாண்டும்போது அவர் "டேய் தம்பி!" என்று பிடிக்கப் பார்த்தார், சட்டை கிழிந்து அவர் கையோடு போனது. பட்டியின் மேற்குக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூக்கை அடைத்தேன், தொண்டையை இறுக்கினேன்.

முதல் கத்தல் மழைக்குள் செத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு, நான் ஒருநாளும் பழகாத அந்தக் கத்தல் வந்தது. சுடுகம்பிக் கத்தல்.

சுட்டி நின்றாள். தலையைத் தூக்கினாள், காது இரண்டும் முன்னால் வந்தது. பிறகு முழு உடம்போடு திரும்பினாள், வாலைப் பிடித்திருந்த மாமாவையும் சுழற்றிக்கொண்டு. மற்ற எருமைகளும் திரும்பின. நான் கம்பை விட்டுவிட்டு மேற்கே போய்க்கொண்டே கத்தினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்து, பிறகு இடுப்புக்கு, முழங்காலுக்கு. பின்னால் மாமாவின் குரல், சந்தோஷத்தில்: "திடலுக்குத் திரும்பிட்டாள்! மாட்டுக்குத் தெரியும் எண்டு சொன்னனே!"

அவர் ஆகவும் முன்னால் நின்றவர், மழையும் எருமைகளின் மூச்சும் காதை அடைத்திருக்கும். கேட்காமல் போயிருக்கலாம். அல்லது கேட்டும், தான் அறைந்த ஒருவனுடைய குரல் என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல் இருந்திருக்கலாம். இவ்வளவு வயது வந்த பிறகு இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் அப்படித்தான். நானும் பிறகு அப்படிப் பெரியவனானேன்.

திடலில் யானை இல்லை. நாங்கள் ஏறின கொஞ்ச நேரத்தில் மழை சற்று விலக, வேரோடு புரண்ட ஒரு மரம் ஓடைப்பக்கம் உருண்டு போனது, வைக்கோல் துரும்பு மாதிரி. நாங்கள் போகவிருந்த நேர்கோட்டில். எல்லாரும் பார்த்தோம்.

அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னாள்: "உன்னைக் காணல்ல மனே. என்ட மனம் என்னமோ சொல்லிச்சு, திரும்பிப் பாத்தன்." சாகும் மட்டும் அவளும் இதைத்தான் சொன்னாள். மனம் சொல்லிச்சு. மாமாவுக்கு மாட்டு அறிவு, அம்மாவுக்கு மனம், ஆசிரியத் தம்பிக்கு இயல்புணர்வு. ஒரு கண்டுக் குரலுக்கு இரண்டு தாயும் திரும்பினார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நானா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த சட்டைத் துண்டு இன்னும் அவர் கையில் இருந்தது. கடைசியில் நின்றவர் அவர். அவருக்குக் கேட்டிருந்தது.

அப்போது சுட்டி என்னிடம் வந்தாள். தலையிலிருந்து கால் மட்டும் மணந்தாள். கக்கத்தை மணந்தாள், வாயை மணந்தாள். மூக்கால் நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளினாள், நான் விழுந்தேன். என்னைத் தாண்டி அந்தப் பக்கம் தேடினாள். பிறகு திடலின் கிழக்கு ஓரத்தில் போய், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் நின்றாள்.

வெள்ளம் வடிந்ததும் நானா, "சைக்கிளப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் பக்கம் போகவில்லை. துறையைக் கடந்து பற்றைக்குத்தான் போனோம். முடிச்சு அவிழவில்லை. மாமா நன்றாகத்தான் பழக்கியிருந்தார். நானா கத்தியால் கயிற்றை அறுத்து, முடிச்சுப் பக்கத்தை ஓடைக்குள் எறிந்தார்.

"மச்சான் கண்டா முடிச்சு ஆர்ட எண்டு தெரியும். நீ ஒண்டும் பேசாத." மண்ணைக் கிண்டி, செத்துக் கிடந்த கண்டை மூடினோம். மடிந்த காதில் சேறு நிறைந்திருந்தது, மூட முதல் அதைத் துடைத்துவிட்டார். குறி சுடாத தோல்.

அந்த மாரி முழுக்கச் சுட்டி பால் தரவில்லை. மாமா முட்டியோடு குந்திக்கொண்டு, "டேய், கத்துடா" என்பார். மூக்கை அடைப்பேன், தொண்டையை இறுக்குவேன், சத்தம் வராது. பிடிவாதம் என்று அடித்தார். அடிக்கும் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

நானா என்னைக் 'கண்டு' என்றுதான் கூப்பிட்டார். நான் ஆலை முதலாளி ஆன பிறகும், ஏறாவூர்ச் சந்தையில் நாலு பேருக்கு முன்னால், "என்ன கண்டு, சுகமா?" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள், ஏன் என்று தெரியாமல். நான் விட்டுவிடுவேன். வேறு ஆராவது கூப்பிட்டிருந்தால் பல்லைக் கழற்றியிருப்பேன். போன நோன்புக்கு முதல் மௌத்தாகிவிட்டார். இனி அதைக் கேட்டவர் என்று ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

ஆசிரியத் தம்பி, அடுத்த பதிப்பில் நாலாம் பக்கத்தைத் திருத்துங்கள். அச்சுக்கூலி முழுவதும் நான் தருகிறேன். எருமை எங்களைக் காப்பாற்றியது என்பதை அடியுங்கள். சுட்டிக்குத் தெரிந்தது ஒன்றுதான், தன் கண்டு எங்கே என்று. அதில் அவள் பிழை விடவில்லை. சரியான இடத்துக்குப் போனவளைப் பொய்க் குரலால் திருப்பினவன் நான். என் அம்மா, தங்கச்சி, மாமா, நானா, நாலு பேரையும் கரையேற்றினது என் குரல். பற்றைக்குள் கட்டிப்போட்ட கண்டும் என் கையால்தான் செத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே போடுங்கள். கூரைக்கும் ரோட்டுக்கும் என் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை. இதுக்குப் போடத்தான் வேணும்.